பயிற்சிப் பொத்தான்கள்: 'தெரியாது' என்பதை எங்கே வைப்பது?



இந்த முறை படிப்புப் பக்கத்தில் ஒரு சின்ன விஷயத்தை எடுத்துக்கொள்கிறோம். தொழிற்பயிற்சி படிக்கும் பிள்ளைகள் போனில் கேள்விகளைப் பார்த்துப் பழகும்போது, திரையின் அடியில் இரண்டு மூன்று பொத்தான்கள் வருமே, அவற்றைப் பற்றியது. பொத்தானைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம். எங்கள் பொத்தானை நம்பி ஒரு பையன் பரீட்சையில் தவறிய பிறகுதான் எங்களுக்கு விளங்கியது.

நடந்தது இதுதான். வயரிங் பாடநெறிக்குப் போகும் நம்முடைய பிள்ளைகள் சிலர் வாரத்தில் சில நாள்தான் வகுப்புக்குப் போய் வருவார்கள். மற்ற நாட்களில் கொப்பியைத் திறப்பதில்லை. இதற்கு ஒரு வழி செய்யலாம் என்று, கணினி தெரிந்த ஒரு தம்பியைப் பிடித்து, 60 கேள்விகள் கொண்ட ஒன்லைன் பயிற்சி ஒன்றை நலன்புரி நிலையத்தில் வைத்துச் செய்வித்தோம். கேள்வி மேலே, விடை அதற்குக் கீழே, அடியில் இரண்டு பொத்தான்கள். பச்சையில் 'தெரியும்'. சிவப்பில் 'தெரியாது'. சிவப்பை அழுத்தினால் 'டொய்ங்' என்று ஒரு சத்தம் வரும். பச்சையை அழுத்தினால் கைதட்டும் சத்தம். பிள்ளைகளுக்கு உற்சாகமாக இருக்கட்டும் என்று அந்தச் சத்தத்தை நாங்களே கேட்டு வாங்கிப் போட்டோம். அதையும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு பையன் பத்தே நாளில் 60 கேள்வியையும் பச்சையாக்கிவிட்டான். திரையில் 'நூற்றுக்கு நூறு' என்று வந்தது. அவன் அம்மா பிரட்டுக்களத்தில் எல்லாரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டார். பிறகு எழுத்துப் பரீட்சை வந்தது. சித்தியடையவில்லை.

அம்மாவும் பையனும் மழையில் நனைந்துகொண்டு நிலையத்துக்கு வந்தார்கள். "ஐயா, நூத்துக்கு நூறுன்னு போட்டுச்சே, அது பொய்யா?" என்று அந்த அம்மா கேட்டார். அதற்கு எங்களிடம் பதில் இல்லை. பையனை உட்கார வைத்து, அதே 60 கேள்வியில் பத்தை வாயால் கேட்டோம். விடையை மறைத்துக்கொண்டு கேட்டோம். நான்குக்குத்தான் பதில் வந்தது. மற்றதுக்கெல்லாம், "சேர், பார்த்தா தெரியும் சேர், இப்ப வாயில வருதில்ல" என்றான்.

'பார்த்தா தெரியும்' என்று அவன் சொன்னதில்தான் எங்கள் பிழை முழுவதும் இருந்தது.

ரேடியோவில் பழைய பாட்டு ஒன்று போனால் முதல் வரியிலேயே என்ன பாட்டு என்று சொல்லிவிடுகிறோம். ரேடியோவை நிறுத்திவிட்டு இரண்டாவது சரணத்தைப் பாடு என்றால் திணறுகிறோம். கண்டால் அடையாளம் தெரிவது ஒன்று. காணாமல் மனதிலிருந்து எடுத்து வருவது வேறொன்று. எங்கள் திரையில் கேள்வியும் விடையும் ஒன்றாகத் தெரிந்தன. பையன் விடையைப் பார்த்து, "ஆ, இது தெரிஞ்சதுதானே" என்று பச்சையை அழுத்தினான். அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்கு அடையாளம் தெரிந்தது. பரீட்சைத்தாளில் விடை இல்லை. வேலைத்தளத்திலும் விடை எழுதி ஒட்டியிருக்காது.

இதை ஆராய்ச்சி செய்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக்கி என்ற இருவர் 2006 ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இது. மாணவர்களுக்கு ஒரு பந்தியை வாசிக்கக் கொடுத்தார்கள். ஒரு பகுதியினர் அதையே மறுபடியும் வாசித்தார்கள். மற்றவர்கள் தாளை மூடிவிட்டு, நினைவில் உள்ளதை எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, திரும்ப வாசித்தவர்கள் 81 வீதமும், எழுதிப் பார்த்தவர்கள் 75 வீதமும் நினைவில் வைத்திருந்தார்கள். அதாவது திரும்ப வாசித்தவர்களே மேல். ஆனால் ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது கணக்கு மாறிவிட்டது. திரும்ப வாசித்தவர்களிடம் 42 வீதம். எழுதிப் பார்த்தவர்களிடம் 56 வீதம்.

பெற்றோர் இந்தக் கணக்கைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வாசித்த உடனே கேட்டால், திரும்பத் திரும்ப வாசிக்கிற பிள்ளைதான் கெட்டிக்காரப் பிள்ளையாகத் தெரியும். கொப்பியை மூடிவிட்டு விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற பிள்ளை சோம்பேறி மாதிரி இருக்கும். "என்னடா சும்மா மோட்டைப் பார்த்துக்கிட்டு இருக்க, புத்தகத்தைப் பாரு" என்று லயத்தில் எத்தனை தடவை சத்தம் போட்டிருக்கிறோம்! அந்தப் பிள்ளை ஒருவேளை சரியான வேலையைத்தான் செய்துகொண்டிருந்திருக்கும்.

பொத்தானை அழுத்திப் படிக்கும் யோசனை கம்பியூட்டருக்கு முந்தியது. அமெரிக்கரான சிட்னி பிரெஸ்ஸி என்பவர் 1920களிலேயே தட்டச்சுப் பொறி அளவில் ஒரு இயந்திரம் செய்தார். சின்ன ஜன்னலில் கேள்வி தெரியும். பக்கத்தில் நான்கு விசைகள். பயிற்சிக்காக வைக்கும்போது, சரியான விசையை அழுத்தும் வரை அடுத்த கேள்வி வராது. இத்தனை சரியென்றால் ஒரு இனிப்பு விழும்படியும் அதில் ஒரு ஏற்பாடு இருந்தது. எங்கள் கைதட்டல் சத்தம் ஒன்றும் புதிது இல்லை என்று இதை அறிந்தபோது சிரித்துக்கொண்டோம்.

அவருக்குப் பிறகு 1950களில் ஸ்கின்னர் என்ற உளவியலாளர் தன் மகளின் கணக்கு வகுப்பைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து இன்னொரு இயந்திரம் செய்தார். நான்கு விடையில் ஒன்றைத் தெரிவு செய்கிற முறை அவருக்குப் பிடிக்கவில்லை. பிள்ளை தானே விடையை எழுத வேண்டும், எழுதிய பிறகுதான் சரியான விடை தெரிய வேண்டும் என்று வைத்தார். எங்கள் தம்பி செய்த திரை இந்த இரண்டையும் விடப் பின்தங்கியது. அதில் பிள்ளை எதையும் செய்யவே தேவையில்லை.

ஆகவே நாங்கள் செய்த முதல் மாற்றம், பொத்தான்களை இரண்டு தடவையாகப் பிரித்தது. கேள்வி வரும்போது ஒரேயொரு பொத்தான்தான் இருக்கும்: 'விடையைக் காட்டு'. அதை அழுத்த முன் பிள்ளை விடையை வாயால் சொல்ல வேண்டும். வெட்கமாக இருந்தால் விரலால் மேசையில் எழுதட்டும், பரவாயில்லை. பிறகு பொத்தானை அழுத்தினால் விடை வரும். அப்போதுதான் மற்றப் பொத்தான்கள் வரும்.

மற்றப் பொத்தான்கள் எத்தனை இருக்க வேண்டும், அவற்றில் என்ன எழுத வேண்டும் என்பதில்தான் நிறைய யோசித்தோம். இதில் கொஞ்சம் விரிவாக எழுதுகிறோம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

'அன்கி' என்று ஒரு பயிற்சி மென்பொருள் இருக்கிறது. 2006 ஆம் ஆண்டு தொடங்கியது. ஜப்பான் மொழியில் மனப்பாடம் என்று பொருள். அன்ட்ராயிட் போனுக்கு இலவசமாகக் கிடைக்கும். உலகம் முழுக்க வைத்திய மாணவர்களும் மொழி படிப்பவர்களும் பயன்படுத்துகிறார்கள். அதில் விடை தெரிந்த பிறகு நான்கு பொத்தான்கள் வரும். தமிழில் சொன்னால் 'மீண்டும்', 'கடினம்', 'சரி', 'இலகு'. 'மீண்டும்' என்றால் மறந்துவிட்டது, கேள்வி சீக்கிரமே திரும்ப வரும். மற்ற மூன்றும் 'நினைவு வந்தது' என்பதன் மூன்று அளவுகள். 'இலகு' என்றால் கேள்வி நிறைய நாள் தள்ளிப் போகும்.

இதில் ஒரு குழி இருக்கிறது. விடை நினைவுக்கு வராத பிள்ளை 'கடினம்' என்ற பொத்தானைப் பார்த்து, "ஆமா, கஷ்டமாத்தான் இருந்துச்சு" என்று அதை அழுத்திவிடும். ஆனால் கணினிக்கு 'கடினம்' என்றால் கஷ்டப்பட்டாவது வந்துவிட்டது என்று அர்த்தம். மறந்த கேள்வியை வந்த கேள்வியாக எடுத்துக்கொண்டு, நாளைத் தள்ளிப் போட்டுவிடும். 'மீண்டும்' என்று அழுத்த மனம் வராதவர்களுக்கு 'கடினம்' நல்ல ஒளிவிடம். பொத்தானில் எழுதும் ஒரு சொல் இந்த வேலையைச் செய்துவிடுகிறது.

நாங்கள் மூன்று பொத்தான்களோடு நிறுத்தினோம். அவற்றில் எழுதியது: 'வரவில்லை', 'யோசித்து வந்தது', 'உடனே வந்தது'. தெரியும், தெரியாது என்ற சொற்களை எடுத்துவிட்டோம். 'தெரியாது' என்றால் ஆளைப் பற்றிச் சொல்வது மாதிரி இருக்கிறது. எங்கள் பிள்ளைகள் அந்தச் சொல்லைப் பள்ளிக்கூடத்திலும் கந்தோரிலும் போதுமான அளவு கேட்டுவிட்டார்கள். 'வரவில்லை' என்பது அந்த நேரத்தில் நடந்ததை மட்டும் சொல்கிறது. பஸ் வரவில்லை என்கிற மாதிரி. இன்றைக்கு வரவில்லை, நாளைக்கு வரும்.

சிவப்பையும் பச்சையையும் எடுத்துவிட்டோம். மூன்றும் ஒரே சாம்பல் நிறம். ஆண் பிள்ளைகளில் சிலருக்குப் பிறப்பிலேயே சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது என்பது ஒரு காரணம். (வயரிங் படிக்கப் போகும் பிள்ளைக்கு இந்தக் குறை இருக்கிறதா என்று முன்கூட்டியே கண் பரிசோதனை செய்து பார்ப்பதும் நல்லது.) இன்னொரு காரணம், சிவப்பு என்றால் குற்றம் என்ற எண்ணம் நம் மனதில் ஊறிப் போயிருக்கிறது. கொப்பியில் சிவப்புக் கோடு, சம்பளத் துண்டில் கழிவு, எல்லாம் ஒரே கூட்டம்.

சத்தம் இரண்டையும் நிறுத்தினோம். இது அந்தப் பையன் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். லயத்துக் காம்பராவில் அப்பா, தங்கச்சி, பாட்டி எல்லாரும் ஒரே இடத்தில்தான். 'டொய்ங்' என்று கேட்டால் தங்கச்சி சிரிப்பாள். அப்பா திரும்பிப் பார்ப்பார். "அதுனாலதான் சேர் பச்சையை அமுக்கினேன்" என்றான். எட்டுப் பேர் காதில் விழும்படி தன் பிழையை அறிவித்துக்கொண்டு எந்தப் பிள்ளை படிக்கும்? நகரத்தில் தனி அறையில் இருந்து படிக்கும் பிள்ளைக்குச் செய்த மாதிரி நாங்கள் செய்துவிட்டோம்.

பொத்தானின் அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. போல் ஃபிட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954 இல் கண்டு சொன்னது: தொட வேண்டிய பொருள் சின்னதாகவும் தூரத்திலும் இருந்தால் கை போய்ச் சேர நேரம் எடுக்கும். இப்போது போன் திரைக்கு ஏறக்குறைய 9 மில்லிமீற்றர் அளவாவது பொத்தான் இருக்க வேண்டும் என்று சொல்கிறார்கள். எங்களுக்கு அது போதாது. கொழுந்து ஆய்ந்து தோல் தடித்த விரல், மழையில் ஈரமான கை, கீறல் விழுந்த திரை, இதையெல்லாம் சேர்த்துப் பார்த்து இன்னும் பெரிதாக்கி, நடுவில் இடைவெளியும் விட்டோம். தமிழ்ச் சொல் நீளமானது, அதற்கும் இடம் வேண்டும். பிழையாக அழுத்திவிட்டால் திரும்பிப் போக 'முந்தியது' என்று ஒரு சின்னப் பொத்தானை மேல் மூலையில் வைத்தோம். டவர் பிடிக்காத டிவிஷனிலும் வேலை செய்யும்படி, ஒரு தடவை இறக்கிக்கொண்டால் போதும், பிறகு டேட்டா தேவையில்லை என்று செய்யச் சொன்னோம்.

இனி, அழுத்திய பிறகு என்ன நடக்கிறது என்பது. இது நம் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான், வேறு பெயரில். ஒரு மலையில் கொழுந்து எடுத்தால் நாளைக்கே திரும்ப அதே மலைக்குப் போவதில்லை. போனால் கூடையில் ஒன்றும் விழாது. ஒரு மாதம் விட்டுப் போனாலோ இலை முற்றிப் போயிருக்கும். ஒரு வாரம், பத்து நாள் என்று சுற்று வைத்துத் திரும்பி வருகிறோம். நினைவுக்கும் சுற்று உண்டு. ஜெர்மன் நாட்டு எபிங்ஹோஸ் என்பவர் தன்னையே சோதித்து 1885 இல் வெளியிட்ட புத்தகத்தில், அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் செய்தால் ஒரு மணித்தியாலத்துக்குள் பாதிக்கு மேல் போய்விடுகிறது என்றும், பிறகு மறதி மெதுவாகிறது என்றும் காட்டினார். ஒரே நாளில் குவித்துப் படிப்பதை விட, நாட்களைப் பிரித்துப் படிப்பது நல்லது என்றும் அவர் கண்டார்.

ஆகவே 'வரவில்லை' என்றால் அந்தக் கேள்வி அன்றைக்கே கடைசியில் ஒரு தடவையும், மறுநாளும் வரும். 'யோசித்து வந்தது' என்றால் இரண்டு நாளில் வரும். 'உடனே வந்தது' என்றால் நான்கு நாள், அடுத்த தடவையும் உடனே வந்தால் எட்டு நாள், பிறகு பதினாறு. இது எங்கள் வசதிக்கு வைத்துக்கொண்ட கணக்கு. பெரிய மென்பொருள்களில் இதை இன்னும் நுட்பமாகக் கணக்கிடுவார்கள்.

அந்தப் பையன் மறந்த கேள்விகளில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இது புள்ளி குறைவதோடு நின்றுவிடும் விஷயம் இல்லை. கேள்வி இது: 'மூன்று கட்ட இணைப்பில் கறுப்பு வயர் எது?'

பழைய முறையில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் மின்சாரம் வரும் உயிர்க் கம்பிகள். கறுப்பு நொதுமல் கம்பி, அதாவது பேச்சு வழக்கில் நியூட்ரல். புதிய முறையில் கபிலம், கறுப்பு, சாம்பல் மூன்றும் உயிர்க் கம்பிகள். நீலம் நொதுமல். பிரித்தானியாவில் 2004 இல் இந்தப் புதிய நிறங்களை அனுமதித்து 2006 முதல் கட்டாயமாக்கினார்கள். நம் நாட்டிலும் பழைய கட்டடங்களில் பழைய நிறமும் புதிய வேலைகளில் புதிய நிறமுமாகக் கலந்து கிடக்கிறது. கவனித்தீர்களா? பழையதில் நியூட்ரலாக இருந்த கறுப்பு, புதியதில் உயிர்க் கம்பி. பழையதில் உயிர்க் கம்பியாக இருந்த நீலம், புதியதில் நியூட்ரல். பழைய பெக்டரி ஒன்றில் புதிதாக வயர் இழுத்திருந்தால் இரண்டும் ஒரே பெட்டிக்குள் இருக்கலாம். 'பார்த்தா தெரியும்' என்று பச்சையை அழுத்திய பிள்ளை அந்தப் பெட்டிக்குள் கை வைத்தால் என்ன ஆகும்? நம் வீட்டு மின்சாரமே 230 வோல்ட். மூன்று கட்டத்தில் இரண்டு உயிர்க் கம்பிகளுக்கு இடையில் 400 வோல்ட்.

இந்தக் கேள்விக்கு விடையில் இன்னொரு வரியையும் சேர்த்தோம். 'நிறத்தை நம்பாதே. மெயினை நிறுத்து. டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகு தொடு.' நிறத்தை மட்டும் சொல்லி இதைச் சொல்லாவிட்டால் 'வரவில்லை' என்றே அழுத்த வேண்டும் என்று பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறோம். இதற்கிடையில் வீட்டு மெயின் போர்டைத் திறந்து பழகிப் பார்க்க வேண்டாம். கை வேலையைப் பயிற்சி நிலையத்தில் ஆசிரியர் முன்னால்தான் பழக வேண்டும். போன் பொத்தான் வயரைச் சீவக் கற்றுத் தராது. தேசிய தொழில் தகைமைச் சான்றிதழுக்கும் செய்து காட்டும் திறமையைத்தான் முக்கியமாகப் பார்க்கிறார்கள்.

போன் இல்லாத வீடுகளும், ஒரே போனை அப்பா வேலைக்குக் கொண்டுபோகும் வீடுகளும் இருக்கின்றன. அவர்களுக்குப் பெட்டி போதும். செபஸ்தியன் லைட்னர் என்ற விஞ்ஞான எழுத்தாளர் 1972 இல் ஜெர்மன் மொழியில் எழுதிய புத்தகத்தில் இதைச் சொன்னார். சப்பாத்துப் பெட்டி ஒன்றை எடுத்து, மட்டை வைத்து ஐந்து அறையாகத் தடுத்துக்கொள்ளுங்கள். பழைய கலண்டர் தாளை ஒரே அளவாக வெட்டி, ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் விடை எழுதுங்கள். எல்லாத் தாளும் முதல் அறையில் தொடங்கும். விடை வந்தால் அடுத்த அறைக்குப் போகும். வராவிட்டால், எந்த அறையில் இருந்தாலும், திரும்ப முதலாம் அறைக்கு வரும். முதலாம் அறையை ஒவ்வொரு நாளும் பாருங்கள். இரண்டாவதை ஒருநாள் விட்டு ஒருநாள். மூன்றாவதை வாரத்துக்கு ஒருமுறை, நான்காவதை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஐந்தாவதை மாதம் ஒருமுறை. இங்கே பொத்தான் என்பது உங்கள் கைதான்.

ஒரு தாளில் ஒரு விஷயம் மட்டும் எழுதுங்கள். 'வீட்டு மின்னிணைப்பின் பாதுகாப்பு முறைகளை எழுதுக' என்று எழுதினால் பாதி வரும், பாதி வராது. எதை அழுத்துவது, எந்த அறையில் போடுவது? 'ஆளைக் காக்கும் ட்ரிப் சுவிட்ச் எத்தனை மில்லி அம்பியர் கசிவில் விழ வேண்டும்?' என்று கேளுங்கள். விடை 30. வந்தது அல்லது வரவில்லை, நடுவில் ஒன்றும் இல்லை. பிள்ளை மடுவத்தில் வேலைக்குப் படிக்கும் பெண்பிள்ளைகள், 'ஜீவனி பைக்கட் ஒன்றை எவ்வளவு தண்ணீரில் கரைப்பது?' என்று ஒரு தாளும் (கொதித்து ஆறிய நீர் 1 லீற்றர்), 'கரைத்ததை எத்தனை மணித்தியாலம் வைத்திருக்கலாம்?' என்று இன்னொரு தாளும் (24) எழுதலாம். இரண்டையும் ஒரே தாளில் எழுத வேண்டாம்.

சொற்களுக்கும் தாள் வையுங்கள். பாடப்புத்தகத்தில் 'புவிக் கம்பி' என்று இருக்கும். வேலைத்தளத்தில் பாஸ் 'எர்த்' என்பார். தெரிந்த வேலையைச் சொல் தெரியாததால் தெரியாத மாதிரி நின்றுவிட்டு வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறோம். ஒரு பக்கம் தமிழ்ச் சொல், மறுபக்கம் அதற்கான சிங்களச் சொல்லும் ஆங்கிலச் சொல்லும். உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டால் போதும்.

எழுத வாசிக்கத் தெரியாத அம்மா என்ன செய்வது என்று சிலர் கேட்டார்கள். இதற்கு அந்தப் பையனின் அம்மாவே வழி காட்டினார். அவர் தாளைக் கையில் வைத்துக்கொண்டு மகனுக்குக் கேள்விப் பக்கத்தைக் காட்டுகிறார். மகன் பதில் சொன்ன பிறகு தாளைத் திருப்புகிறார். சரியா பிழையா என்று மகன் பார்த்துச் சொல்கிறான். ஆனால் எந்த அறை என்பதை அம்மாதான் தீர்மானிக்கிறார். பதில் சரியா என்று அவருக்குத் தெரியாது. பிள்ளை திணறினானா, டக்கென்று சொன்னானா என்பது அவருக்குத் தெரியும். அதைக் கண்டுபிடிக்க எந்த மென்பொருளாலும் அவ்வளவு நன்றாக முடியாது என்று நினைக்கிறோம்.

புதிய பொத்தான்களோடு அந்தப் பையன் தொடங்கிய முதல் நாள் 60 இல் 38 தடவை 'வரவில்லை' என்று அழுத்தினான். முகம் சுருங்கிப் போய்விட்டது. "முந்தி நூறு வந்துச்சே சேர்" என்றான். அந்த நூறை எடுத்துவிட்டோம், இனி வராது என்றோம். இப்போது திரையில் மொத்தப் புள்ளி இல்லை. இன்றைக்கு எத்தனை கேள்வி பார்த்தாய், நாளைக்கு எத்தனை வரும் என்பது மட்டும்தான் தெரியும். ஆறாவது வாரம் 'வரவில்லை' ஏழு தடவை. அந்த ஏழில் கறுப்பு வயர் இல்லை.

அவன் திரும்பவும் பரீட்சைக்கு விண்ணப்பித்திருக்கிறான். இன்னும் திகதி வரவில்லை.

பெட்டி செய்ய விரும்புகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் நலன்புரி நிலையத்துக்கு வரலாம். மட்டையும் கத்தரிக்கோலும் இருக்கிறது, தாளை நீங்கள் கொண்டு வாருங்கள். வயரிங், தையல், பிள்ளை மடுவம், இந்த மூன்றுக்கும் கேள்வி எழுதி வைத்திருக்கிறோம், பார்த்து எழுதிக்கொள்ளலாம். போனில் இறக்கிக்கொள்ள விரும்பினால் போனைச் சார்ஜ் போட்டுக் கொண்டு வரவும்.

சென்ற கிழமை அந்த வீட்டுக்குப் போனபோது அம்மாவும் மகனும் பெட்டியோடுதான் உட்கார்ந்திருந்தார்கள். மகன் ஒரு கேள்விக்குச் சரியான பதில் சொல்லிவிட்டு, தாளை இரண்டாம் அறையில் போடக் கை நீட்டினான். அம்மா தாளைக் கொடுக்கவில்லை. "நீ மோட்டைப் பார்த்து ரெண்டு தடவை முழிச்சுட்டுத்தான்டா சொன்ன" என்று முதலாம் அறையிலேயே போட்டார்.